தொங்கிப்போன கை: எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 24 வயது, லேத் வேலை. பத்து வாரத்துக்கு முன்னால் மழையில் பைக் சறுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்திருக்கிறார். காரை எலும்பு முறிந்து பிளேட் வைத்தாயிற்று. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை, முழங்கையை மடக்க முடியவில்லை. விரல்கள் நன்றாக இருக்கின்றன, முழங்கையை நீட்டவும் முடிகிறது. பெருவிரல் பக்கம் மரத்திருக்கிறது. ஐந்தாம் நாள் எடுத்த நரம்புப் பரிசோதனை சரியாக இருந்ததாம், கழுத்து எம்.ஆர்.ஐ.யும் நார்மலாம். ‘நரம்பு தானாக வரும், ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். காத்திருப்பதா, ஆபரேஷனா, எங்கே போவது, அவர் திரும்ப லேத்தில் நிற்பாரா?

ஆறு மாதம் வரை விடாதீர்கள். இந்த மாதத்துக்குள் நரம்பு அறுவை சிகிச்சை செய்கிற ஒருவரிடம் காட்டுங்கள். காட்டினாலே கத்தி வைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். அவரும் இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், எந்தத் தேதிவரை, எதைப் பார்த்து முடிவெடுப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் காயத்தில் தேதி குறிக்காமல் காத்திருந்து கெட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் சர்ஜன் இல்லை. கை அறுவை சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இந்தக் கைகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து சி5, சி6, சி7, சி8, டி1 என்று ஐந்து வேர்கள் கைக்கு வருகின்றன. கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையில், காரை எலும்புக்கு அடியில், இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் சடைபோலப் பின்னிக்கொள்கின்றன. புஜ நரம்புப் பின்னல் என்று பெயர். ஆஸ்பத்திரியில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்பார்கள். தோராயமாகச் சொன்னால் மேல் இரண்டு வேர்களும் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும், நடு வேர் முழங்கையையும் மணிக்கட்டையும் நீட்டவும், கீழ் இரண்டும் விரல்களுக்கும்.

பைக்கிலிருந்து விழும்போது தோள் தரையில் மோதி நிற்கிறது, தலை எதிர்ப்பக்கம் போகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இருப்பதெல்லாம் அந்த நொடியில் இழுபடுகிறது. முதலில் அடிவாங்குவது மேல் வேர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தாலே சி5, சி6 என்றுதான் தோன்றுகிறது. கை பக்கவாட்டில் தொங்கி, உள்ளங்கை பின்னால் திரும்பியிருக்குமே, அதுவும் அந்த அடையாளம்தான். (ஹெல்மெட் இந்த இழுப்பைத் தடுக்காது. ஆனால் ஹெல்மெட் போட்டிருந்தார் என்றால், உங்கள் தம்பி உயிரோடு இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.)

சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்நாள் முழுக்க இந்தக் காயங்களைப் பார்த்த அல்கிமான்டாஸ் நராகாஸ் என்ற சர்ஜன், தன் அனுபவத்தை ‘ஏழு எழுபதுகள்’ என்று ஒரு கணக்காகச் சொன்னார். இந்தக் காயங்களில் 70 சதம் சாலை விபத்தால் வருபவை, அவற்றில் 70 சதம் இருசக்கர வாகனம், அவற்றில் 70 சதத்துக்கு வேறு பெரிய அடிகளும் உண்டு என்று தொடங்கிப் போகும் அது. அந்த மூன்றாவது எழுபதில்தான் நம் பிரச்சினையே இருக்கிறது. தலையில் அடி, தொடை எலும்பு முறிவு, வயிற்றில் ரத்தம் என்று உயிருக்குப் போராடும்போது கை அசையவில்லை என்பதை யார் பார்ப்பார்கள்? எலும்பெல்லாம் ஒட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் கை தொங்குவது கண்ணில் படுகிறது. அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும்.

சரி, நரம்புக்கு என்ன ஆகியிருக்கும்? சி5, சி6 என்பது இடம் மட்டும்தான். எந்த அளவு சேதம் என்பது தனிக் கேள்வி. ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1943இல் பிரித்த மூன்று வகையை இன்றும் பயன்படுத்துகிறோம். முதல் வகையில் நரம்பு அதிர்ந்து செயலிழந்து நிற்கிறது, உள்ளே எதுவும் அறவில்லை. சில வாரங்களில், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள், தானாகத் திரும்பும். இரண்டாவதில் உள்ளிருக்கும் இழைகள் அறுந்திருக்கும், மேலுறை பிழைத்திருக்கும். அந்த உறை வழியாக இழை மெல்ல வளர்ந்து வரும். மூன்றாவதில் நரம்பே துண்டாகியிருக்கும், அல்லது உள்ளே முழுக்கத் தழும்பேறி அடைத்திருக்கும். அது தானாக வராது.

இந்த மூன்றுக்கும் அப்பால் இன்னொன்று உண்டு. வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டுவிடுவது. செடியை மண்ணிலிருந்து பிடுங்குவதுபோல. அதைத் திரும்ப நட்டு முழுப் பலன் பெற இன்றுவரை நம்பகமான வழி இல்லை.

இதில் சிலவற்றை நீங்களே கவனிக்கலாம். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை சற்றே இறங்கி, கருவிழியின் நடுவட்டம் மற்றக் கண்ணைவிடச் சுருங்கியிருந்தால் டி1 பிடுங்கப்பட்டிருக்கக்கூடும். விரல்கள் நன்றாக இருப்பதால் உங்கள் தம்பிக்கு இது இருக்காது. தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து இறக்கைபோலத் துருத்தி நிற்கிறதா பாருங்கள். அதைப் பிடித்துவைக்கும் தசைகளுக்கான நரம்புகள் வேரிலிருந்தே, முதுகெலும்பை ஒட்டியே கிளம்புகின்றன. அந்தத் தசைகள் வேலை செய்தால் காயம் வேரைத் தாண்டி வெளியே இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். மார்பு எக்ஸ்ரேயில் அந்தப் பக்கத்து உதரவிதானம் மேலே ஏறியிருந்தால் அதுவும் சொல்லவேண்டிய செய்தி. அப்புறம் வலி. மரத்துப்போன கையில் நெருப்பு வைத்ததுபோலவும், இடையிடையே மின்சாரம் அடித்ததுபோலவும் வலித்தால் பெரும்பாலும் வேர் பிடுங்கல்தான்.

உங்களைக் குழப்பிய பரிசோதனைகளுக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதை நம்ப வேண்டாம். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது இது: வெட்டுப்பட்ட நரம்பின் கீழ்ப்பகுதி உடனே சாவதில்லை, நாள் எடுத்துச் சிதைகிறது. மனித நரம்பில், அறுந்த இடத்துக்குக் கீழே மின்சாரம் கொடுத்தால் முதல் சில நாள் அது ஒன்றும் ஆகாததுபோலவே கடத்தும். தசையில் ஊசி போட்டுப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யில் நரம்பு அறுந்ததற்கான துடிப்புகள் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுமட்டுமில்லை, வழக்கமாக எடுக்கும் சோதனை கையின் கீழ்ப்பகுதி நரம்புகளைத்தான் அதிகம் பார்க்கும். உங்கள் தம்பியின் பிரச்சினை மேலே. இப்போது பத்தாவது வாரம், எடுக்கச் சரியான நேரம். தோள் தசைகளிலும், மேற்கையின் முன்பக்கம் இருந்து முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையிலும் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன், எனக்கே இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. தோல் முழுக்க மரத்திருக்கிறது, ஆனால் அந்த உணர்வு நரம்பில் மின்கடத்தல் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் மகிழக்கூடாது. உணர்வு நரம்பின் உயிரணுக் கூட்டம் தண்டுவடத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு முடிச்சில் இருக்கிறது. வேர் அந்த முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பிடுங்கப்பட்டால், கைக்குப் போகும் இழை தன் உயிரணுவோடு சேர்ந்து நலமாகவே இருக்கும். மூளைக்குப் போகும் வழிதான் இல்லை. ஆகவே அங்கே ‘நார்மல்’ என்பது கெட்ட செய்தி.

எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். கழுத்து என்று எழுதிக்கொடுத்தால் எலும்பையும் டிஸ்க்கையும் பார்த்து நார்மல் என்று எழுதிவிடுவார்கள். பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று குறிப்பிட்டுத் தனியாக எடுக்க வேண்டும். அதுவும் விபத்து நடந்து மூன்று நான்கு வாரம் கழித்து, ரத்தக் கட்டு வடிந்த பிறகு. வேர் பிடுங்கிய இடத்தில் தண்டுவட நீர் சிறு பைபோலத் தேங்கியிருப்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது காலக் கணக்கு. எல்லா முடிவும் இதன் மேல்தான் நிற்கிறது. அறுந்த நரம்பு இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கிறது. அதை வேகப்படுத்தும் மாத்திரை கிடையாது. கழுத்திலிருந்து பைசெப்ஸ் தசைக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் என்று வையுங்கள், 250 நாள். கழுத்திலிருந்து விரல்களின் சிறு தசைகளுக்கு 60, 70 சென்டிமீட்டர், அதாவது இரண்டு வருடம். ஆனால் நரம்பு இல்லாத தசை அவ்வளவு நாள் காத்திருக்காது. நரம்பு வந்து ஒட்டும் இடங்கள் மெல்ல அழிந்து, தசை கொழுப்பும் நாருமாக மாறிவிடும். ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் கதவு அடைபட்டுவிடும். ஆறாம் மாதத்தில் ஆபரேஷன் செய்து, அதன்பிறகு 250 நாள் வளர வேண்டுமென்றால் நரம்பு வந்து சேர்வதற்கும் கதவு சாத்துவதற்கும் சரியாக இருக்கும். அதனால்தான் மூன்று மாதம் வரை தானாக வருகிறதா என்று பார்ப்பது, வரவில்லையென்றால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆபரேஷனை முடிப்பது என்று வைத்திருக்கிறார்கள். வேர் பிடுங்கல் உறுதியானால் மூன்று மாதம்கூடக் காத்திருக்கக் காரணம் இல்லை. கத்தி, கண்ணாடி வெட்டு என்றால் கதையே வேறு, சில நாட்களுக்குள் திறந்து தைக்க வேண்டும்.

என்னிடம் ஒருவர் பதினான்காம் மாதம் வந்தார். மாதாமாதம் ஓரிடத்தில் தசைக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு, வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டுப் பார்த்தேன். பைசெப்ஸ் இருந்த இடத்தில் தோலும் எலும்பும்தான் இருந்தன.

ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள்? பழைய வழி, கழுத்தைத் திறந்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, கெண்டைக்காலின் பின்பக்கத்து உணர்வு நரம்பை எடுத்து இடையில் ஒட்டுப்போடுவது. காலில் பாதத்தின் வெளியோரம் கொஞ்சம் மரத்துப்போகும், நடப்பதற்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒட்டு இன்றும் பயனுள்ளதுதான். ஆனால் அந்த 250 நாள் கணக்கை அது மாற்றாது. வேரே பிடுங்கியிருந்தால் ஒட்டுவதற்கு மேல்முனையும் இருக்காது.

1994இல் பாரிஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஓபெர்லின் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தக் கணக்கை உடைத்தது. அவர் கழுத்துப் பக்கமே போகவில்லை. மேற்கையின் உட்புறத்தில், சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பும் பைசெப்ஸுக்குப் போகும் கிளையும் கிட்டக்கிட்ட ஓடுகின்றன. அல்நார் நரம்புக்குள் பல இழைக்கட்டுகள் உண்டு. அதில் மணிக்கட்டை மடக்கும் ஒரு கட்டை மட்டும் பிரித்தெடுத்து, செத்துப்போன பைசெப்ஸ் கிளையில் தைத்தார். எந்தக் கட்டு என்பதை மெல்லிய மின்தூண்டலால் தட்டிப்பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல். தசை சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் மூன்று நான்கு மாதத்திலேயே துடிப்பு தெரியத் தொடங்கும். இழைக்கட்டைக் கொடுத்த கைக்கு நஷ்டம் வருமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம். நான் பார்த்தவர்களில் சில வாரம் சுண்டுவிரல் பக்கம் மரமரப்பு இருந்தது, பிடி குறைந்தது என்று யாரும் நிலையாகச் சொன்னதில்லை. இப்போது பல இடங்களில் மீடியன் நரம்பிலிருந்தும் ஒரு கட்டை எடுத்து, முழங்கையை மடக்கும் இன்னொரு தசையான பிரேக்கியாலிஸுக்கும் கொடுக்கிறார்கள்.

தோளுக்கும் இதே தந்திரம்தான். கழுத்தில் டிரபீசியஸ் தசைக்குப் போகும் ஸ்பைனல் ஆக்சசரி நரம்பின் நுனியை, தோளைத் தூக்கத் தொடங்கும் சுப்ராஸ்கேபுலார் நரம்பில் இணைப்பார்கள். மேற்கையின் பின்புறத்தில், முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசையின் மூன்று தலைகளில் ஒன்றுக்குப் போகும் கிளையைத் தோள்மூட்டைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்ட் தசையின் நரம்புக்கு மாற்றுவார்கள். இந்த இரண்டாவது வழியை 2003இல் தாய்லாந்தின் சோம்சாக் லீச்சவெங்வோங்ஸ் குழு எழுதியது. உங்கள் தம்பிக்கு முழங்கை நீட்டவும் விரல் மடக்கவும் வருகிறதென்றால், தானம் கொடுக்க வேண்டிய நரம்புகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இந்த வகைக் காயங்களில் நல்ல பலன் கிடைப்பது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஐந்து வேரும் போனவர்களுக்குக் கடன் வாங்கக் கையில் எதுவும் மிச்சமிருக்காது. விலா நரம்புகளையோ, ஷாங்காயில் கு யுடோங் 1986இல் செய்ததுபோல எதிர்ப்பக்கத்து நல்ல கையின் சி7 வேரையோ தேடிப் போக வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் கை ஸ்லிங்கில் இருக்கும். அதன்பின் மாதக்கணக்கில் எதுவுமே நடக்காது. குடும்பங்கள் மனம் உடைவது இந்த இடைவெளியில்தான். பிறகு ஒருநாள், பைசெப்ஸ் மேல் நான் விரல் வைத்திருக்கும்போது, மீன் ஒன்று தூண்டிலைத் தொட்டதுபோல ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பை வரவழைக்க முழங்கையை மடக்கு என்றால் வராது. விரலை இறுக்கி மணிக்கட்டை மடக்கு என்றால் வரும். ஏனென்றால் அந்த இழைக்கட்டுக்கு மூளை பழக்கிய வேலை அதுதான். முதல் சில மாதம் முஷ்டி பிடித்தால்தான் முழங்கை மடங்கும். போகப்போக மூளை புது வயரிங்கைக் கற்றுக்கொண்டு, நினைத்த மாத்திரத்தில் மடங்கும். விலா நரம்பை மாற்றியவர்களுக்கு மூச்சை இழுத்துப் பிடித்தால் முழங்கை மடங்கும். அப்படி ஒருவர் ஒரு டீக்கடையில் தும்மி, கையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் தன் மூக்கிலேயே இடித்துக்கொண்டு வந்தார். முதுகில் தட்டிக்கொடுத்தேன். நரம்பு பிடித்துவிட்டதற்கு அதைவிடச் சாட்சி எதற்கு!

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்ய வேண்டியது, என் பார்வையில் ஆபரேஷன் அளவுக்கு முக்கியம். மூட்டு இறுகிப்போனால் நரம்பு வந்தும் பயனில்லை. தினம் மூன்று நான்கு முறை, தம்பி மல்லாந்து படுத்திருக்க, நீங்கள் அவர் கையைத் தூக்கி, வெளிப்பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி நீட்டிவிடுங்கள். காரை எலும்பில் பிளேட் இருப்பதால் தோளை எவ்வளவு உயர்த்தலாம் என்று சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஸ்லிங் வேண்டும், இல்லாவிட்டால் கையின் எடையே தோள்மூட்டைக் கீழே இறக்கிவிடும். மரத்த பெருவிரலுக்குச் சூடு தெரியாது, டீ டம்ளரிலும் அடுப்பிலும் கவனம். லேத்துக்கு இப்போது போகவே கூடாது. எண்ணெய் தேய்ப்பது ஆறுதலுக்கு என்றால் சரி, தோளைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுப்பது மட்டும் கூடவே கூடாது. கரண்ட் வைப்பது தசையைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வைத்துக்கொள்வதில் தீங்கில்லை, ஆனால் அதைச் சிகிச்சை என்று நினைத்து நாள் கடத்துவது தீங்கு. எரிச்சல் வலி இருந்தால் சாதாரண வலி மாத்திரை கேட்காது. பிரீகாபலின், கேபபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பார்.

காலம் கடந்து வந்தவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் அது வேறு பாதை. நரம்பை விட்டுவிட்டு, வேலை செய்யும் தசையை இடம் மாற்றுவது. இதில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த பிறகு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசைநாண்களை மாற்றிக் கட்டி உயிர்கொடுத்தார். மேற்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு போய் மணிக்கட்டு தொங்குபவர்களுக்கு இன்று செய்வதும் இதே வகை ஆபரேஷன்தான். (அந்த ரேடியல் காயம் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். தோள்மூட்டு நழுவியபின் தோள் தூக்க முடியாமல் போவதும் அப்படியே. உங்கள் டாக்டர் ‘தானாக வரும்’ என்றது அந்த அனுபவத்தில் இருக்கலாம்.) புஜ நரம்புப் பின்னலில் ஒரு வருடம் தாண்டியவர்களுக்குத் தொடையின் கிராசிலிஸ் தசையை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கையில் பதிக்கிறார்கள். பெரிய ஆபரேஷன். பதினான்காம் மாதம் வந்தவருக்கு அதுதான் செய்தார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

எங்கே போவது என்றால், அரசுத் தரப்பில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கோவையிலும் வேலூரிலும் இதில் பழகிய கைகள் உண்டு. ஊர்ப் பெயரைவிட, அந்த சர்ஜன் நரம்பு மாற்று ஆபரேஷனை வழக்கமாகச் செய்பவரா என்பது முக்கியம். நேரடியாகக் கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணத்தைப் பொறுத்தவரை, விபத்துக்கான ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குத்தான். நரம்பு ஆபரேஷன் வருவதோ நாலாவது மாதம். ஆகவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரித்துவிடுங்கள். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். நஷ்டஈட்டு வழக்குப் போட்டால் அதற்கும் தேவைப்படும்.

கடைசியாக, லேத். நல்லபடியாக நடந்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் முழங்கையை நன்றாக மடக்கி, ஓரிரு கிலோ தூக்கும் அளவுக்குக் கை வரும். பலருக்கு அதற்கு மேலும் வருகிறது. தோள் பக்கவாட்டில் முழுக்க உயர்வது குறைவு, தலைக்கு மேல் கனம் தூக்கும் வேலை சந்தேகம்தான். ஆனால் லேத்தில் வேலை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே. விரலும் பிடியும் அவருக்கு அப்படியே இருக்கின்றன. என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு டர்னர் இப்போது கனமான ஜாப்களைச் சக்கில் மாட்ட மட்டும் பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிடுகிறார். மற்றதெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார்.